எழுதப்படாத சாவுக்கு நீதி கிடையாது

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் எனக்கு முன்னால் பேசிய தோழர்கள் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் வேறொரு கணக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு வயது நிரம்பாமல் கண்ணை மூடுகிற நம் குழந்தைகளின் கணக்கு அது. அந்தக் கணக்கை யார் எழுதுகிறார்கள்? எழுதாமல் விட்டால் யாருக்கு லாபம்? தடுப்பூசி போட்ட பிறகு ஒரு குழந்தை இறந்துபோனால், உண்மை என்ன என்று யார் சொல்லவேண்டும்? இந்த மூன்று கேள்விகளுக்குத்தான் இன்று பதில் தேடப் போகிறோம்.

லைன் வீடுகளிலும் சேரிகளிலும் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு ஒன்று உண்டு. “செவ்வாய்க்கிழமை ஊசி போட்டார்கள், வெள்ளிக்கிழமை பிள்ளை போய்விட்டது.” இந்த ஒரு வாக்கியம் போதும். அடுத்த வாரம் அந்தத் தெருவில் பத்துத் தாய்மார் ஊசி போடப் போகமாட்டார்கள்.

இதற்கு இரண்டு விதமான அவசரப் பதில்கள் வருகின்றன. “ஊசிதான் கொன்றது” என்று தெருவில் ஒருவர் சொல்கிறார். “ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, போங்கள்” என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் சொல்கிறார். இருவருமே விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இருவருமே உண்மையைச் சொல்லவில்லை.

நாட்கணக்கு என்ன சொல்கிறது?

நீங்கள் கூலி கணக்குப் பார்ப்பவர்கள். ஆகவே இதையும் கணக்காகவே பார்ப்போம்.

2020-ம் ஆண்டு சர்க்கார் கணக்குப்படி, இந்தியாவில் பிறந்த ஒவ்வொரு 1,000 குழந்தைகளிலும் 28 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. அதில் 20 குழந்தைகள் முதல் 28 நாட்களுக்குள்ளேயே போய்விட்டன. எடைக் குறைவு, பிரசவத்தில் மூச்சுத் திணறல், சீழ்ப்பிடிப்பு, இவையெல்லாம்தான் முக்கியமான காரணங்கள். மீதி 8 குழந்தைகள் ஒரு மாதத்துக்கும் ஒரு வருஷத்துக்கும் இடையில் இறக்கின்றன. ஒரு லட்சம் பிறப்புக்கு இது 800 ஆகிறது.

இந்த இடைப்பட்ட காலம் சுமார் 48 வாரம். இதற்குள் குழந்தைக்கு 6-வது வாரம், 10-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம் என்று நான்கு தடவை ஊசி. ஒவ்வொரு ஊசிக்கும் பின்னால் ஒரு வாரம் என்று வைத்தால் நான்கு வாரம். 48-ல் 4 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆகவே, ஊசியில் ஒரு குற்றமும் இல்லாவிட்டால்கூட, அந்த 800 சாவுகளில் அறுபதுக்கு மேற்பட்டவை ஊசி போட்ட வாரத்திலேயே வந்து விழும். இது நாட்காட்டியின் வேலை. ஊசியின் வேலை அல்ல.

இதை முதலில் நாம் புரிந்துகொள்ளவேண்டும். ஆனால், தோழர்களே, இதோடு நின்றுவிடக் கூடாது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி எல்லாச் சாவுகளின் மீதும் “தற்செயல்” என்று ஒரே முத்திரையைக் குத்திவிடலாம் அல்லவா? அந்த அறுபதுக்குள்ளே ஒன்றோ இரண்டோ உண்மையிலேயே கெட்டுப்போன மருந்தால் நேர்ந்திருந்தால்? அல்லது மருந்து கலந்தவரின் தவறால் நேர்ந்திருந்தால்? அதுவும் அந்த முத்திரையின் கீழே புதைந்துபோகும். ஆகவே ஒவ்வொரு சாவையும் தனித்தனியே எழுதவேண்டும், தனித்தனியே விசாரிக்கவேண்டும். வேறு வழி இல்லை.

சட்டம் இருக்கிறது, அது யாரைக் கட்டுப்படுத்துகிறது?

சாவை எழுதுவதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1899-ல், சென்னை மாகாணத்துக்குப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1969-ல், நாடு முழுவதற்கும் ஒரே சட்டமாகப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தைப் பார்லிமெண்ட் இயற்றியது.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? வீட்டில் சாவு நேர்ந்தால் குடும்பத் தலைவர் தெரிவிக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் நேர்ந்தால் அங்கே பொறுப்பிலுள்ள டாக்டர் தெரிவிக்கவேண்டும். சிறையில் நேர்ந்தால் சிறை அதிகாரி. சத்திரத்திலோ விடுதியிலோ நேர்ந்தால் அதன் பொறுப்பாளர். 21 நாட்களுக்குள் தெரிவித்தால் கட்டணம் கிடையாது; சான்றிதழும் இலவசம். செத்துப் பிறந்த குழந்தையையும் பதிவு செய்யவேண்டும்.

தோட்டத் தொழிலாளரைப் பற்றி 9-வது பிரிவு தனியாகவே பேசுகிறது. தேயிலை, காப்பி, மிளகு, ரப்பர், ஏலம், சிங்கோனா போன்றவை பயிராகிற நான்கு ஹெக்டேருக்குக் குறையாத தோட்டம் என்றால், அங்கே நடக்கும் பிறப்பையும் இறப்பையும் பதிவாளருக்குத் தெரியும்படி செய்வது தோட்டத்தின் சூப்பரின்டெண்டின் கடமை. அதாவது தொழிலாளியை வேலை வாங்குகிறவரே அவன் பிள்ளையின் சாவுக்கும் கணக்குக் காட்டவேண்டும். எத்தனை தோட்டத் தொழிலாளிகளுக்கு இது தெரியும்?

2023-ல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி திருத்தம் அமலுக்கு வந்தது. சாவு ஆஸ்பத்திரியில் நேர்ந்தால், சாவின் காரணத்தை எழுதிப் பதிவாளருக்குக் கொடுக்கவேண்டும். நெருங்கிய உறவினருக்கும் அதன் பிரதி ஒன்றைக் கொடுக்கவேண்டும். காசு வாங்கக் கூடாது. தோழர்களே, இது தர்மம் அல்ல, உங்கள் உரிமை. கேட்டு வாங்குங்கள்.

ஏட்டில் இல்லாத குழந்தை

சட்டம் இவ்வளவு சொல்லியும் நடப்பது என்ன? 2020-ல் நாடு முழுவதும் பதிவான சாவுகளில், டாக்டர் காரணம் எழுதிக் கொடுத்தவை நூற்றுக்கு இருபத்திரண்டுதான், சற்றே கூடுதல். அதாவது ஐந்து சாவில் ஏறக்குறைய நான்குக்கு, என்ன காரணத்தால் என்று டாக்டர் எழுதிய காகிதம் கிடையாது. ரிஜிஸ்டரை முழுவதும் நம்ப முடியாது என்பதால்தான், 1960-களிலிருந்து சர்க்காரே சில ஊர்களைப் பொறுக்கி எடுத்து, அங்கே வீடு வீடாகக் கணக்கெடுத்து, அதிலிருந்து தேசத்தின் சிசு மரண விகிதத்தைச் சொல்லி வருகிறது. நான் மேலே சொன்ன 28 என்ற எண்ணும் அப்படி வந்ததுதான்.

விடுபட்டுப் போகிற சாவுகள் யாருடையவை? பங்களாவில் இறந்த குழந்தை விடுபடுவதில்லை. பச்சைக் குழந்தையை நாம் எரிப்பதில்லை, புதைக்கிறோம். பெயர்கூட வைக்காத பிள்ளையை விடிவதற்கு முன்னால் வாய்க்கால் மேட்டில் புதைத்துவிட்டு, காலையில் நடவுக்குப் போகிற தாயை நாம் அறிவோம். பிறந்ததையே எழுதவில்லை, இறந்ததை எங்கே எழுதுவது? ஆபீசுக்கு ஒரு தடவை போனால் ஒரு நாள் கூலி போகும். “அய்யா இல்லை, நாளைக்கு வா” என்றால் இரண்டு நாள் கூலி. வேலை தேடி ஊர் விட்டு ஊர் போன குடும்பம் என்றால் இந்த ஊர் ஆபீசும் எழுதாது, அந்த ஊர் ஆபீசும் எழுதாது.

ஏட்டில் இல்லாத குழந்தைக்காக எந்த விசாரணையும் நடக்காது. அந்த ஊருக்கு ஒரு நர்ஸ் போதுமா, குடிதண்ணீர் சரியா, ஊசி மருந்து சரியா என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஏடு காலியாக இருந்தால், “இந்த ஊரில் சிசு மரணமே இல்லை” என்று சர்க்காரின் அறிக்கை பெருமையாகச் சொல்லும்!

பிற நாடுகளில் நடந்தது

ஊசி மருந்தைக் கண்காணிப்பது என்பது புதிய யோசனை அல்ல. உலகம் இதைக் குழந்தைகளின் உயிரைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

ஒன்று, ஜெர்மனி. 1930-ல் லூபெக் என்ற நகரத்தில் சுமார் 250 பச்சைக் குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பு மருந்தான பி.சி.ஜி.யை வாய் வழியாகக் கொடுத்தார்கள். 72 குழந்தைகள் காசநோயால் இறந்தன. உலகமே நடுங்கியது. “பி.சி.ஜி. விஷம்” என்று கூச்சல் எழுந்தது. விசாரணை நடந்தது. கண்டது என்ன? மருந்தைத் தயாரித்த உள்ளூர் ஆய்வுக்கூடத்தில், வீரியமுள்ள காசநோய்க் கிருமி பி.சி.ஜி.யோடு கலந்துவிட்டிருந்தது. குற்றம் மருந்தின் தத்துவத்தில் இல்லை, அஜாக்கிரதையில் இருந்தது. பொறுப்பான டாக்டர்களுக்குக் கோர்ட்டு சிறைத் தண்டனை விதித்தது. 1931-ல் ஜெர்மன் அரசாங்கம் புதிய சிகிச்சைகளுக்கும் மனிதர் மீது செய்யும் பரிசோதனைகளுக்கும் விதிகளை வெளியிட்டது. விசாரணை நடந்ததால் குற்றவாளியும் அகப்பட்டான், நிரபராதியான மருந்தும் தப்பியது.

இரண்டு, அமெரிக்கா. அங்கே 1986-ல் குழந்தைத் தடுப்பூசிப் பாதிப்புச் சட்டம் வந்தது. ஊசிக்குப் பின் நேரும் குறிப்பிட்ட கோளாறுகளை டாக்டர்கள் அறிவித்தே தீரவேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு தர ஒரு நிதியும், அதற்காக ஊசிக்கு ஊசி ஒரு வரியும் ஏற்பட்டன. 1990-லிருந்து எல்லா அறிவிப்புகளும் ஒரே இடத்தில் சேர்ந்தன. பலன் என்ன? வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் மருந்து ஒன்று 1998-ல் அங்கே விற்பனைக்கு வந்தது. குடலுக்குள் குடல் செருகிக்கொண்டதாக 15 குழந்தைகளைப் பற்றித் தகவல் சேர்ந்ததுமே, 1999 ஜூலையில், அந்த மருந்தை நிறுத்திவைக்கச் சொன்னார்கள். அக்டோபரில் கம்பெனி அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பதினைந்தே பதினைந்து தகவல்! அடுத்து வந்த ரோட்டா வைரஸ் மருந்துகள் இரண்டை, ஒவ்வொன்றையும் 60,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் சேர்ந்த ஆய்வில் சோதித்த பிறகே அனுமதித்தார்கள். இன்று நம் குழந்தைகளுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து கிடைக்கிறது. கண்காணிப்பு மருந்தைக் கொல்லவில்லை. நல்ல மருந்தைக் கொண்டுவந்தது.

மூன்று, சமோவா. பசிபிக் சமுத்திரத்திலுள்ள சின்னஞ்சிறு தீவு நாடு. ஜனத்தொகை சுமார் இரண்டு லட்சம். 2018 ஜூலையில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட சில நிமிஷங்களில் இரண்டு குழந்தைகள் இறந்தன. தூள் மருந்தைக் கரைக்க வேண்டிய தண்ணீருக்குப் பதிலாக, அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தப் பயன்படும் காலாவதியான மருந்தைக் கலந்துவிட்டார்கள். ஊசி மருந்தில் குற்றம் இல்லை. ஆனால் அரசாங்கம் பல மாதங்கள் தடுப்பூசி வேலையையே நிறுத்திவைத்தது. நர்ஸுகள் இருவருக்கும் தண்டனை கிடைத்து, விஷயம் முடிவானது 2019 ஆகஸ்டில். அதற்குள் ஜனங்களின் நம்பிக்கை போய்விட்டது. அடுத்த சில வாரங்களில் தட்டம்மை வந்து இறங்கியது. 5,700-க்கு மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். 83 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

இரண்டு குழந்தைகளின் சாவுக்குக் காரணத்தை உடனே கண்டு, ஊரறியச் சொல்லி, நம்பிக்கையைக் காப்பாற்றியிருந்தால், இந்த 83 பேரில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்! தாமதமாக வந்த உண்மை, சாவைத் தடுக்க முடியாத உண்மை.

நம் ஊரிலும் நடந்தது

தூர தேசத்துக் கதை என்று நினைக்கவேண்டாம். 2008 ஏப்ரலில் நமது திருவள்ளூர் ஜில்லாவிலேயே தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. நாடே பதறியது. அதன் பிறகு தமிழ்நாட்டில் சில காலம், நர்ஸ் கிராமத்துக்கு வந்து ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே குழந்தையைக் கொண்டுவரச் சொன்னார்கள். டாக்டர் பக்கத்தில் இருப்பார், பாதுகாப்பு என்பது அவர்கள் வாதம். வாதம் சரிதான். ஆனால் களை எடுக்கிற தாய் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறவேண்டும்!

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 2005-06-ல் தமிழ்நாட்டில் எல்லா ஊசியும் போட்டுக்கொண்ட குழந்தைகள் நூற்றுக்கு 81. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2015-16-ல், அது 70 ஆக இறங்கியது. 2019-21-ல் மறுபடி 89 ஆக ஏறியது. இறக்கத்துக்கு அந்த ஒரு சம்பவமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பயத்தின் விலையையும் பஸ் கட்டணத்தின் விலையையும் ஏழைதான் கொடுத்தான் என்பதில் சந்தேகம் இல்லை.

இன்று நம் நாட்டில் ஊசிக்குப் பின் நேரும் கோளாறுகளைக் கண்காணிக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஜில்லாவில் கமிட்டி, மாகாணத்தில் கமிட்டி, தேசத்துக்கு ஒரு கமிட்டி. குழந்தை இறந்தால் ஜில்லாத் தடுப்பூசி அதிகாரிக்கு உடனே தகவல் போகவேண்டும். காரணத்தை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள்: மருந்தின் இயல்பால் வந்தது, மருந்துத் தயாரிப்பில் உள்ள குறையால் வந்தது, ஊசி போடும் முறையில் நேர்ந்த தவறால் வந்தது, ஊசி என்ற பயத்தால் வந்தது, வேறு நோயால் தற்செயலாக அதே சமயத்தில் நேர்ந்தது. நல்ல பகுப்புத்தான். ஆனால் வீட்டில் இறந்த குழந்தையை யாரும் எழுதாவிட்டால், இந்த ஐந்து பெட்டிகளில் எதிலும் அது விழாது. ரிஜிஸ்டரும் ஊசிக் கண்காணிப்பும் ஒரே வண்டியின் இரண்டு மாடுகள். ஒன்று படுத்தால் மற்றதும் நகராது.

கேட்கவேண்டியவை

ஆகவே நாம் என்ன கேட்கவேண்டும்?

முதலாவது: சாவை எழுத ஜனங்கள் ஆபீசைத் தேடி அலையக் கூடாது. பதிவு லைன் வீட்டுக்கும் சேரிக்கும் வரவேண்டும். ஒரு வயதுக்குள் நேரும் ஒவ்வொரு சாவுக்கும், அது வீட்டில் நடந்திருந்தாலும், குடும்பத்தாரை விசாரித்துக் காரணம் எழுதவேண்டும்.

இரண்டாவது: குழந்தையின் ஊசி அட்டையில் தேதி மட்டும் போதாது. மருந்துக் குப்பியின் தொகுதி எண்ணையும் எழுதவேண்டும். ஒரே தொகுதியில் இரண்டு மூன்று குழந்தைகளுக்குக் கோளாறு என்றால், அந்த எண்தான் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது: விசாரணையின் முடிவைக் குடும்பத்துக்கு எழுத்து மூலம், தமிழில் கொடுக்கவேண்டும். கமிட்டியின் பைலுக்குள் தூங்குகிற உண்மை யாருக்கு உபயோகம்?

நான்காவது: ஊசியால்தான் பாதிப்பு என்று தெரிந்தால், யாருடைய குற்றம் என்று ஏழை கோர்ட்டு ஏறி நிரூபிக்கவேண்டிய அவசியமில்லாமல் நஷ்டஈடு கிடைக்கவேண்டும். மேற்கு ஜெர்மனி 1961-லேயே இதற்குச் சட்டம் செய்தது. ஊர் முழுவதையும் காப்பாற்றப் போட்ட ஊசியின் நஷ்டத்தை ஒரு தாய் மட்டும் சுமப்பது என்ன நியாயம்?

ஐந்தாவது: எது நடந்தாலும் கிராம சுகாதார நர்ஸைப் பலியாக்கித் தப்பிக்கக் கூடாது. அவரும் ஒரு தொழிலாளி. ஐந்தாறு கிராமத்தை ஒரே ஆளிடம் கொடுத்து, காலிப் பணியிடத்தை நிரப்பாமல் வைத்துவிட்டு, தவறு நேர்ந்தால் அவரைச் சஸ்பெண்டு செய்வது விசாரணை ஆகாது.

செய்யவேண்டியவை

கேட்பது மட்டும் நம் வேலை அல்ல. நாமே செய்யவேண்டியவையும் உண்டு.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அந்த இடத்திலேயே இருங்கள். சாயங்காலம் லேசாகக் காய்ச்சல் வந்தால் பயப்படவேண்டாம். ஆனால் குழந்தை துவண்டு போனாலும், மூச்சுத் திணறினாலும், வலிப்பு வந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், மந்திரிக்க ஓடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தட்டம்மை மருந்தைக் கரைத்தால் நான்கு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. “எப்போது கரைத்தீர்கள் அம்மா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது குற்றம் அல்ல.

நம் தெருவில் ஒரு குழந்தை இறந்தால், துக்கம் விசாரிக்கப் போகிற சங்கத் தோழர் அதோடு திரும்பக் கூடாது. 21 நாளுக்குள் அந்தச் சாவு பதிவாயிற்றா என்று பார்க்கவேண்டும். தகப்பன் வேலைக்குப் போயிருந்தால், அவன் வீட்டு விவரத்தை எழுதி எடுத்துக்கொண்டு, அவனுக்காக ஆபீசில் நிற்கவேண்டும். ஊசி போட்ட பிறகு நேர்ந்த சாவு என்றால், அட்டையைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பிரேதப் பரிசோதனை வேண்டும் என்று டாக்டர் கேட்டால், அது ஏன் என்று தாய் தகப்பனுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் மனம் ஒப்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். ஆனால் விளக்காமல் விடாதீர்கள்.

வதந்தியைத் திட்டி ஒழிக்க முடியாது. பதில் இல்லாத கேள்வியில்தான் வதந்தி குடியேறுகிறது. பதிலைக் கொண்டுவந்து வையுங்கள். அது தானே வெளியேறும்.

1971-ல் இந்தியாவில் 1,000 குழந்தைகளுக்கு 129 என்ற கணக்கில் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-ல் அது 28. தாயின் சாப்பாடு, ஆஸ்பத்திரிப் பிரசவம், குடிதண்ணீர், ஊசி எல்லாம் சேர்ந்து காப்பாற்றிய குழந்தைகள் அவை. அந்த ஊசியை வதந்திக்குப் பறிகொடுக்கக் கூடாது. அதன் பேரால் நேருகிற தவறை மூடி மறைக்கவும் விடக் கூடாது. இரண்டுக்கும் ஒரே காவல்தான்: ஒவ்வொரு குழந்தையின் பெயரும், பெயர் வைக்காத குழந்தையானால் அதன் தாயின் பெயரும், ஏட்டில் ஏறவேண்டும்.

நாளைக்கே தொடங்குங்கள், தோழர்களே! உங்கள் லைனில், உங்கள் சேரியில், இந்த ஒரு வருஷத்தில் இறந்த குழந்தைகள் எத்தனை, அவற்றில் பதிவானவை எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு நாம் எல்லோரும் சேர்ந்து போவோம்.